முந்திக்கொண்ட முகூர்த்தங்கள்

அத்தியாயம் ஐந்து

காலை மணி ஆறே முக்கால். சூலியா தெரு மூலைக் கடையில் ரொட்டிக் கல் சூடேறி அரை மணி நேரம் ஆகிவிட்டது. கமாலுதீனின் மூளைதான் இன்னும் சூடேறவில்லை.

துப்பறிவாளர் கமாலுதீனுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் உழைத்தவர். திருட்டுப் போனதாகச் சொல்லப்பட்ட கார்கள் உண்மையில் மச்சான் வீட்டுக் கொட்டகையில் நிற்கின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை. இதனால் ஊரில் அவருக்கு நண்பர்கள் குறைவு, மச்சான்கள் சுத்தமாக இல்லை.

எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் ரூபினி, அவருடைய ஒரே உதவியாளர். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் மென்பொருள் சோதித்தவள். அங்கே ஆட்குறைப்பு நடந்ததும் இங்கே வந்து சேர்ந்தாள். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். கமாலுதீனின் தப்பை மட்டும் இலவசமாகவே கண்டுபிடித்தாள்.

"பத்து மணிக்கு ராமசாமி அண்ணே போலீஸ் பாலாய்க்குப் போறாரு," என்றாள் ரூபினி. "போலீஸ்ல ரமணி அக்கா மேல ரிப்போட் குடுத்துட்டா முடிஞ்சுச்சு. பதினாலு வருஷ வேலையும் போச்சு, பேரும் போச்சு. நீங்க என்னடான்னா ரெண்டாவது தே தாரே சொல்றீங்க."

"முதல் தே தாரே கண்ணத் தெறக்க. ரெண்டாவதுதான் யோசிக்க," என்றார் கமாலுதீன், முதல் தேநீரின் அடிமண்டியை உறிஞ்சிக்கொண்டே.

யோசிப்பதற்கு விஷயம் இருந்தது. ஆயர் ஈத்தாமில் 'மங்களவாசல்' கல்யாண மண்டபத்தின் முதலாளி ராமசாமி. ரமணி அங்கே முன்பதிவு கவுண்டரில் உட்காருபவர். போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் மாலையும் கையுமாக வந்து இறங்கியது. மண்டபத்தில் வேறு யாரோ ஒரு கம்பெனியின் குடும்ப தினத்துக்கு பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பக்கத்துக் கோயில் வாசலில் அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். பலூன்காரர்கள் பெருந்தன்மையாகக் கைதட்டினார்களாம்.

மறுநாளே ராமசாமியின் தங்கை மகன் கோகுலன் கணினியிலிருந்து ஒரு பட்டியலை எடுத்துக் கொடுத்தான். மண்டபத்தின் வெப்சைட்டைக் கட்டியதும், அதை மற்ற மென்பொருள்களோடு இணைத்ததும் அவன்தான். ஆறு மாதத்தில் பதினோரு முன்பதிவுகளின் தேதியை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றது பட்டியல். பதினொன்றிலும் ரமணியின் கணக்குதான். அந்தப் பட்டியலும் கையுமாக ராமசாமி கவுண்டருக்குப் போனால், ரமணி இன்னொரு தேதியை மாற்றுவதற்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தத் தேதி ராமசாமியின் மகள் தர்ஷினியின் கல்யாணத் தேதி.

கையும் களவுமாக! ராமசாமி அப்படித்தான் சொன்னார். "புருஷன் விட்டுட்டுப் போனவ. அடுத்தவங்க கல்யாணத்தப் பாத்தா வயிறு எரியுது," என்று காரணத்தையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். இவ்வளவும் தெரிந்தவருக்குத் துப்பறிவாளர் எதற்கு என்று கேட்டதற்கு, "பாலாய்ல குடுக்க சாட்சி வேணும் கமால்," என்றார். ஒரே ஒரு நிபந்தனை: ரமணியிடம் பேசக் கூடாது, உஷாராகிவிடுவாள். திருடனைப் பிடி, ஆனால் திருடன் பக்கம் மட்டும் போகாதே. கமாலுதீனின் அனுபவத்தில் வாடிக்கையாளர்கள் எல்லாரும் இப்படித்தான்.

"சரி, அந்தப் பதினோரு பேரும் என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

ரூபினி கைப்பேசியில் எழுதி வைத்திருந்ததைத் தள்ளிப் பார்த்தாள். "நேத்து சாயந்திரத்தோட எல்லாருக்கும் போன் பண்ணி முடிச்சிட்டேன். பதினோரு பேரும் சந்தோஷமா இருக்காங்க."

"சந்தோஷமாவா?"

"தனேஷ்னு ஒருத்தரு மட்டும் பொண்டாட்டியப் பத்தி கொஞ்சம் குறை சொன்னாரு. அது மண்டபத்துத் தப்பு இல்லண்ணே. மத்தபடி எல்லாருக்கும் கேட்ட தேதியிலதான் மண்டபம் கிடைச்சிருக்கு. ஒருத்தருக்குக் கூட நாள் மாறல."

கமாலுதீன் குவளையைக் கீழே வைத்தார். "புக்கிட் மெர்தாஜாம் கல்யாணம்? அது பட்டியல்ல இருக்கா?"

"அதான் வேடிக்கை. அந்த ஒன்னுல மட்டும் ரமணி அக்கா கையே வைக்கல."

"கை வச்ச பதினோரு வீட்டுலயும் சாமான் பத்திரம். கை வைக்காத வீட்டுலதான் களவு," என்றார் கமாலுதீன். "இந்த மாதிரி ஒரு திருடி கிடைச்சா என் வீட்டுச் சாவியவே குடுத்துடுவேன்."

"இன்னொன்னு கேளுங்க. பதினொன்னுல பத்துதான் நம்ம கல்யாணம். ஒன்னு, காலையில தை சி உடற்பயிற்சி பண்ற சீனப் பாட்டிங்க குரூப்பு."

"அவங்களுக்குக் கல்யாணமாகி அம்பது வருஷம் ஆயிருக்குமே. அவங்க மேல எதுக்கு வயித்தெரிச்சல்?"

பொறாமை என்ற காரணம் அங்கேயே செத்துப்போனது. அதன் இடத்தில் உட்கார வைக்க வேறு காரணம் எதுவும் கைவசம் இல்லை என்பதுதான் சங்கடம்.

"சரி, இந்த ஏபிஐ, ஏபிஐனு மூணு நாளா சொல்றியே, அது என்னா?" என்றார். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

ரூபினி கடைச் சிப்பந்தி சுலைமானைக் காட்டினாள். "தே தாரே வேணும்னா நீங்க உள்ள போய் அடுப்பு பத்த வைக்கிறீங்களா? சுலைமான் அண்ணன்கிட்ட சொல்றீங்க. அவர் 'சீனி கம்மியா ஒன்னு'னு கத்துறாரு. உள்ள இருக்கிறவரு கலக்கிக் குடுக்குறாரு. உள்ள யாரு, என்னா பாலு, உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். இப்படிக் கேட்டா இப்படி வரும்னு ஒரு பேச்சு இருக்குல்ல, அதான் ஏபிஐ."

"மண்டபத்துல யாரு கத்துறா?"

"வெப்சைட்டு கல்யாணத் தேதிய வாங்கி, காலண்டர் மென்பொருளுக்குச் சொல்லுது. காலண்டர் அத சமையல்காரங்க சிஸ்டத்துக்கும் பூக்கடை சிஸ்டத்துக்கும் சொல்லுது. நாலும் நாலு பேரு செஞ்சது. ஒன்னு மூஞ்சிய இன்னொன்னு பாத்ததே இல்ல."

"அந்தக் காலத்துச் சம்பந்தம் மாதிரின்னு சொல்லு. நடுவுல இருக்கிறவன் சொல்றதுதான் சேதி."

"அவன் தப்பா சொன்னா, எல்லாரும் மரியாதையா அந்தத் தப்பக் கேட்டுக்குவாங்க. ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க லா."

அப்போது கமாலுதீனின் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. லண்டனில் தாதியாக வேலை பார்க்கும் மகள் ருக்கையா. தூங்கப் போகுமுன் தினமும் வாப்பாவைக் கூப்பிடுவாள்.

"வாப்பா, குட் நைட்."

"ஜும்மா நாளாச்சே, இன்னைக்கு லீவா உனக்கு?"

"இங்க இன்னும் வியாழக்கிழமைதான் வாப்பா. மணி பதினொன்னுகூட ஆகல. நீங்க எப்பவும் எங்களுக்கு ஒரு நாள் முன்னால ஓடுறீங்க," என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

கமாலுதீன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டார். சுலைமான் கொண்டுவந்த இரண்டாவது தே தாரே ஆடை கட்டத் தொடங்கியது.

"ரூபினி, அந்தப் பதினோரு பேருக்கும் நேரம் என்னா?"

"ஆறு மணி, ஆறே கால், ஆறரை, ஏழு... தை சி ஆறரை."

"எட்டுக்கு மேல எதுவும்?"

"ஒன்னும் இல்ல. ஒம்போதரை, பத்தரை முகூர்த்தமெல்லாம் ஏழெட்டு இருந்துச்சு. அதுலல்லாம் அக்கா கை வைக்கல."

"மலாய்க்காரங்க விருந்து?"

"மத்தியானம். கை வைக்கல. சீனவங்க டின்னரு ராத்திரி. அதுலயும்..." ரூபினி பாதியில் நிறுத்தினாள். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். "அலாமாக்! பத்து வருஷம் இதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுத்தாங்க."

"தமிழ்ல சொல்லு."

"மென்பொருளுங்க ஒன்னுக்கொன்னு பேசும்போது, குழப்பம் வரக் கூடாதுனு லண்டன் மணியிலதான் நேரம் சொல்லும். நம்மள விட எட்டு மணி நேரம் பின்னாடி. வாங்கிக்கிறது அத நம்ம மணிக்குத் திருப்பிக்கணும். மண்டபத்துக் காலண்டரு திருப்பிக்கல. தேதிய மட்டும் எடுத்துக்கிட்டு நேரத்தக் குப்பையில போட்டுடுது. ராத்திரி டின்னருக்கு ஒன்னும் ஆகாது, லண்டன்லயும் அதே நாள்தான். காலையில ஆறரைக்குத் தாலி கட்டினா?"

"லண்டன்ல முந்தின நாள் ராத்திரி பத்தரை," என்றார் கமாலுதீன் மெதுவாக. "விடியறதுக்குள்ள கல்யாணம் பண்றவங்க நீங்க மட்டும்தானே இந்த ஊர்ல."

"நாங்களும் தை சி பாட்டிங்களும்."

"அப்படின்னா அந்தம்மா தேதிய மாத்தல. தப்பா விழுந்தத ஒவ்வொன்னா தூக்கி நேரா வச்சிருக்காங்க."

இதைச் சொல்லும்போது கமாலுதீனுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று நாளாக அவரும் அந்தப் பெண்ணைத் திருடி என்றேதான் மனசுக்குள் வைத்திருந்தார். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதைத் தவிர அவரிடமும் வேறு ஆதாரம் இருக்கவில்லை.

அவருடைய கெரெத்தாவுக்கு, அந்தப் பழைய காருக்கு, வயது பதினெட்டு. ஆயர் ஈத்தாம் மேட்டில் அது இருமிக்கொண்டே ஏறியது. ரூபினி பக்கத்தில் உட்கார்ந்து மண்டபத்தின் வெப்சைட்டில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளோட்டம் பாக்குறேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி, காலையில ஆறரை." தட்டினாள். "பாருங்க! காலண்டர்ல ஒம்போதாம் தேதி சிவப்பாயிடுச்சு. பத்தாம் தேதி காலியாவே இருக்கு."

"யாரு பேர்ல போட்ட?"

"உங்க பேர்லதான். 'கமாலுதீன், இரண்டாவது திருமணம்'."

கெரெத்தா ஒரு முறை குலுங்கியது. "முதல்ல அத அழி. என் பொண்டாட்டிக்கு எந்த ஏபிஐயும் வேணாம், தானாவே தெரிஞ்சுடும்."

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஏழு இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணம் என்பதால் ராமசாமி விடியற்காலையிலேயே அலுவலகத்துக்கு வந்திருந்தார். மேசைமேல் தட்டச்சு செய்த புகார்க் கடிதம் தயாராக இருந்தது. பக்கத்தில் கோகுலன், கணினித் துறைக்காரர்களுக்கே உரிய அந்தக் களைத்த மேதாவி முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"சாட்சி கிடைச்சிருச்சா கமால்?"

"கிடைச்சிருச்சு அண்ணே. பதினோரு சாட்சி. எல்லாரும் ரமணிக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

ராமசாமிக்கு முகம் சுருங்கியது. கமாலுதீன் தை சி பாட்டிகளில் தொடங்கி லண்டன் வரை சொல்லி முடித்தார். ரூபினி ஆகஸ்ட் வெள்ளோட்டத்தைக் காட்டினாள், மணமகன் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.

"இது சும்மா தியரி மாமா," என்றான் கோகுலன். "அப்படி ஒரு பிரச்சினை இருந்தா எனக்குத் தெரியாதா?"

"அதையேதான் நானும் கேக்கிறேன் தம்பி," என்றார் கமாலுதீன். "ராமசாமி அண்ணே, ரமணியோட ஆபிஸ் போன் எங்க?"

"அன்னைக்கே வாங்கி டிராயர்ல போட்டுட்டேன். தொறந்து பாக்க நமக்கு எங்க நேரம்?"

போனுக்குப் பின்னால் செல்லோடேப் ஒட்டி, அதன்மேல் ரகசிய எண்ணை மார்க்கரில் எழுதியிருந்தார்கள். எந்த அலுவலக போனாக இருந்தாலும் இப்படித்தான். ரூபினி திறந்து, 'கோகுலன் சிஸ்டம்' என்ற பெயரைத் தேடி, இரண்டு வருடம் பின்னால் போய், சத்தமாகப் படித்தாள்.

"'தம்பி, காலை முகூர்த்தம் எல்லாம் ஒரு நாள் முன்னாடி விழுது. என்னானு பாருங்க.' பதில்: 'சின்ன விஷயம் லா அக்கா. நீங்களே கையால மாத்திடுங்க. மாமாகிட்ட சொல்ல வேணாம், டென்ஷன் ஆவாரு.'"

கோகுலன் தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"டிசம்பர்ல ரமணி கண் ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் லீவுனு உங்க ஆபிஸ் லீவு ஏட்டுலயே இருக்கு," என்றார் கமாலுதீன். "அப்ப கவுண்டரப் பாத்துக்கிட்டது இந்தத் தம்பி. புக்கிட் மெர்தாஜாம் கல்யாணம் அப்ப வந்த புக்கிங். கையால மாத்த ஆள் இல்ல. சமையலும் பூவும் அவங்களே கொண்டு வந்தது, அதனால முந்தின நாள் யாருக்கும் உறைக்கல. அதான் ஞாயித்துக்கிழமை பலூன். மறுநாளே பட்டியலத் தூக்கிட்டு ஓடி வந்தது யாரு, பழி யாரு தலையில விழுந்துச்சு, நீங்களே பாருங்க."

"அந்தம்மா அன்னைக்கே, 'தப்பா இருந்துச்சு, மாத்தினேன்'னு சொன்னா," என்றார் ராமசாமி. குரல் இறங்கிப்போயிருந்தது.

"நீங்க 'மாத்தினேன்' மட்டும் கேட்டீங்க."

கோகுலன் நைசாக நாற்காலியைப் பின்னால் தள்ளினான். ரூபினி தன் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

இத்தோடு முடிந்தது என்று கமாலுதீன் எழுந்தார். எழுந்தவர் பாதியில் நின்றார். சுவரில் தர்ஷினியின் கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் காலை 6.15 முதல் 7.15 வரை.

"அண்ணே, உங்க மக கல்யாணத்த சிஸ்டத்துல யாரு போட்டா?"

"கோகுலன்தான். வெப்சைட்லயே போட்டான்."

"எப்ப?"

"டிசம்பர்ல..." என்று சொல்லும்போதே ராமசாமியின் வாய் தானாக நின்றுவிட்டது.

ரூபினி ஏற்கெனவே காலண்டரைத் திறந்திருந்தாள். "சனிக்கிழமை, தர்ஷினி கல்யாணம். ஞாயித்துக்கிழமை..." அவள் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மூத்த குடிமக்கள் கராவோக்கே போட்டி. காலையில எட்டு மணியிலருந்து. அறுநூறு பேரு. செவ்வாக்கிழமை புக் பண்ணியிருக்காங்க, நாள் காலியா இருக்குனு பாத்து."

செவ்வாய்க்கிழமை கவுண்டரில் ஆள் இல்லை. ரமணியைத் திங்கட்கிழமையே எழுப்பி அனுப்பியாகிவிட்டது.

ராமசாமி எதுவும் சொல்வதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. பிறையிலிருந்து சமையல் குத்தகைக்காரர் ருக்குமணி. பக்கத்து அறைக்கும் கேட்கிற குரல்.

"அண்ணே, எண்ணூறு இலை கழுவியாச்சு, காய் நறுக்க ஆரம்பிச்சாச்சு. நாளைக்குக் காலையில நாலு மணிக்கு லோரி வந்துடும். கேட்டைத் தொறந்து வைக்கச் சொல்லுங்க, ஆமா!"

நாளை சனிக்கிழமை. பொய் சொன்னது ஒரு மென்பொருள். அதைச் சமையலறையும் பூக்கடையும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டன. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், கராவோக்கே கேட்க.

ராமசாமி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அந்த நிமிடத்தில் அவர் முதலாளி மாதிரி இல்லை, பெண்ணைப் பெற்றவராக மட்டுமே இருந்தார். கமாலுதீனுக்கு அவர்மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன. புகார்க் கடிதத்தைப் பார்த்ததும் கோபம் மட்டும் நின்றது.

"ரமணிக்குப் போன் பண்ணுங்க," என்றார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"இருக்கிறதே ஒன்னுதானே அண்ணே. அத வச்சுக்கிட்டுதான்."

மணி இரண்டு முறை அடித்ததும் எடுத்துவிட்டார் ரமணி. ஸ்பீக்கரில் அந்தக் குரல் அமைதியாக இருந்தது.

"வணக்கம் முதலாளி."

"ரமணி... தர்ஷினி தேதி சனிக்கிழமையில கிடக்குதும்மா."

"தெரியும் முதலாளி. லீவுல வந்த புக்கிங்கெல்லாம் தம்பி மாத்தியிருப்பாருனு நம்பிட்டேன். பலூன் கூத்துக்கு அப்புறம்தான் பாத்தேன். திங்கக்கிழமை காலையில அதத்தான் முதல்ல மாத்த உக்காந்தேன். அப்பதான் எந்திரிச்சுப் போகச் சொன்னீங்க."

ராமசாமி கண்ணை மூடிக்கொண்டார். கையும் களவுமாக அவர் பிடித்தது, தன் மகள் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த கையை.

"இப்ப ஏதாச்சும் செய்ய முடியுமாம்மா?"

"முடியும். கராவோக்கே சங்கத்துச் செயலாளரு எனக்குப் பழக்கம். சனிக்கிழமைக்கு மாறச் சொன்னா மாறுவாரு. சமையலு, பூவு எல்லாம் ஒரு மணி நேர வேலை. ஆனா மாத்தலாமா முதலாளி? கல்யாணத் தேதிய நான் மாத்தினா அது குத்தம்னு எழுதி வச்சிருக்கீங்களே."

ராமசாமி புகார்க் கடிதத்தைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார். "மாத்தும்மா. தப்பு என்னுதுதான்."

"எழுத்துல குடுங்க முதலாளி. பழைய பதினொன்னுக்கும் சேத்து. கமால் அண்ணே விசாரிக்கிறாருனு கேள்விப்பட்டேன், அங்க இருந்தா அவர் கையில குடுங்க. நான் பஸ் ஏறி வந்துடுறேன்."

கமாலுதீன் அந்தப் புகார்க் கடிதத்தை எடுத்தார். திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக, வசதியாக இருந்தது. பேனாவை அதன்மேல் வைத்து ராமசாமி பக்கம் தள்ளினார்.

"தம்பி," என்றார் கோகுலனிடம், "எங்கயும் போயிடாதீங்க. ருக்குமணி அக்காவுக்குக் காய் நறுக்குறத நிறுத்தச் சொல்லணும். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க. உங்க வாயால."

கோகுலன் எண்களை அழுத்தினான். மறுமுனையில் ருக்குமணி பேசத் தொடங்கியதும் கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தான்.

ராமசாமி நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, நிமிர்ந்தார். ரூபினி எட்டிப் பார்த்தாள்.

"தேதி போடலியே அண்ணே. பாத்துப் போடுங்க, மணி இன்னும் எட்டு ஆகல. லண்டன் தேதியப் போட்டுடாதீங்க."

ராமசாமி சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வெள்ளிக்கிழமை என்று நிறுத்தி நிதானமாக எழுதினார்.